செவிலியர்க்கு நாம் பட்ட கடன்

உலகில் மக்கள் புரியும் தொழில்களுட் சில யாவராலும் புகழப்படுகின்றன. ஆயினும் புகழ்வோருட் பெரும்பாலோர் தம் மக்களை அத்தொழிலிற் புகவிட விரும்புவதில்லை. உழவு அத்தகையது. செவிலியர் தொழிலும் அத்தகையதே. மேடையேறினால் அவர்களைத் தெய்வமென்கின்றோம். வெள்ளுடையணிந்த தேவதூதர் என்கின்றோம். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பிறந்த மே மாதம் 12ஆம் நாளன்று அவர்களுக்கு மலர்ச்செண்டு அளித்து மகிழ்கின்றோம். மறுநாளே, பெண் பார்க்கச் சென்ற இடத்தில் மணமகள் செவிலி என்று கேட்டவுடன், "இரவு வேலை பார்க்கும் பெண்ணாயிற்றே" என்று முகஞ் சுளிப்போரும் நம்மவரே. புகழுக்கும் மதிப்புக்கும் இடையே இத்துணைப் பெரிய இடைவெளி இருப்பது ஏன்? இவ்வினாவை, செவிலியருள்ளும் மிகக் கடினமான பணியை மேற்கொண்டோராகிய புற்றுநோய் மருத்துவமனைச் செவிலியரைக் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் பயிலும் எமக்குச் 'செவிலி' என்னும் சொல்லே முதற்கண் நினைவுக்கு வருகின்றது. நர்ஸ் என்னும் சொல்லுக்கு ஈடாக இன்று வழங்கும் இச்சொல் புதிதாகப் புனையப்பட்டதன்று. நம் அகப்பொருள் நூல்களில் ஈன்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. தலைவியைச் சீராட்டி வளர்ப்பவள் அவள். தலைவி தன் காதலனுடன் போயினாள் என்று கேட்டதும் வெயில் காயும் பாலைவழியிலே தேடிச் செல்பவளும் அவளே. தாய்மையின் பொறுப்பனைத்தையும் ஏற்று, தாயென்னும் உரிமையை மட்டும் பெறாதவள் அவள். நோயாளியின் அருகிருந்து காப்பவர்க்கு இப்பெயர் மிகப் பொருந்துவதே. ஆயினும் இதில் ஓர் இடரும் உண்டு. தாய் களைப்பறியாள், கூலி வேண்டாள், கற்பிக்காமலே எல்லாம் அறிவாள் என்று நாம் எண்ணப் பழகியிருக்கின்றோம். அவ்வெண்ணத்தையே செவிலியர் மேலும் ஏற்றிவிடுகின்றோம்.

இவ்விடரினின்று நம்மைக் காப்பவர் திருவள்ளுவர். மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் அவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவன் ஒரு கூறு. நோய் தீர்ப்பவன் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. அருகிருந்து அம்மருந்தைப் பிழையாமற் கொடுப்பவன் ஒரு கூறு. இந்நான்காமவனுக்கு அவர் இட்ட பெயர் உழைச்செல்வான் என்பது. உழை என்பது பக்கம் எனப் பொருள்படும். ஈண்டு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. உழைச்செல்வானை அவர் அன்புடைமை அதிகாரத்திலோ விருந்தோம்பல் அதிகாரத்திலோ வைத்தாரல்லர். மருந்து அதிகாரத்தில், மருத்துவனுக்கு ஒப்ப வைத்தார். உரையாசிரியர் பரிமேலழகர் இவனுக்கு வேண்டும் இயல்புகள் நான்கு என்றார். நோயாளியிடத்து அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொல்லியவற்றைச் சொல்லியவாறே செய்து முடிக்கும் வன்மை, அறிவு என்பன அவை. நாம் மேடையிற் புகழ்வது இவற்றுள் முதலாவதை மட்டுமே. ஏனைய மூன்றையும் மறந்தமையே நம் குறை என்பது எம் கருத்து. புற்றுநோய் மனையின் அன்றாட வேலையைச் சற்று உற்று நோக்குவார்க்கு இது தெளிவாகும்.

புற்றுநோய் மருத்துவத்திலும் செவிலியர் கல்வியிலும் நம் தமிழ்நாட்டுக்கு நெடிய தொடர்பு உண்டு. 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் ஒரே படுக்கையுடன் தொடங்கிய பணி, 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியாகவும், 1946இல் பட்டம் வழங்கும் செவிலியர் கல்லூரியாகவும் வளர்ந்தது. பெண்மக்களை இவ்வேலைக்கு அனுப்பப் பெற்றோர் அஞ்சிய காலத்தில் முதன்முதல் முன்வந்தோருட் பலர் மிஷன் பள்ளிகளிற் படித்த ஏழைப் பெண்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் தேறிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை நெஞ்சில் வைத்திருந்து, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்குவித்தார். அன்று அங்கு இருந்தவை 12 படுக்கைகளே. 2021இல் மறைந்த டாக்டர் சாந்தா அம்மையார் அம்மனையிலேயே தம் வாழ்நாளைக் கழித்தார் என்பதை நம் நாட்டார் நன்கறிவர். மருத்துவர் பெயர்கள் இவ்வாறு வரலாற்றில் நிற்கின்றன, அவை நிற்கவேண்டியவையே. ஆனால் அப்படுக்கைகளின் அருகில் இரவெல்லாம் நின்றவர் பெயரை யார் அறிவார்?

இன்று இந்நோயின் பெருக்கம் சிறிதன்று. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 14 லட்சத்துக்கு மேற்பட்டோர் புதிதாக இந்நோய்க்கு ஆட்பட்டனர் என்றும், 9 லட்சத்துக்கு மேற்பட்டோர் இதனால் இறந்தனர் என்றும் உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த ஆராய்ச்சி நிலையம் மதிப்பிட்டுள்ளது. அறுவை, கதிர், மருந்து ஆகிய மூவகைச் சிகிச்சையும் பல மாதம் தொடர்வன. அம்மாதங்களில் மருத்துவர் நோயாளியின் பக்கத்தில் நிற்பது நாளொன்றுக்குச் சில நிமிடங்களே. எஞ்சிய நேரமெல்லாம் நிற்பவர் செவிலியர். பெரும்பாலும் பெண்டிரேயாயினும் ஆடவரும் இப்பணியில் உளர்.

அறிவு என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். புற்றுநோய் மருந்துகள் பலவும் நஞ்சுக்கு அணித்தானவை. நம் தோட்டங்களிலும் இடுகாட்டோரங்களிலும் தானே முளைத்து மலரும் நித்தியகல்யாணியைச் சிற்றூரார் சுடுகாட்டுமல்லி என்பர். அச்செடியினின்று எடுக்கப்படும் வின்கிறிஸ்டின் என்னும் மருந்து, இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளை 1960ஆம் ஆண்டுகள் தொட்டுக் காத்து வருகின்றது. இரத்தக் குழாயிற் செலுத்தினால் உயிர் தரும் இம்மருந்து, தவறி முதுகுத்தண்டின் நீரிற் சென்றுவிடின் உயிரைக் கொல்லும். அதே குழந்தைக்கு முதுகுத்தண்டிற் செலுத்தவேண்டிய வேறு மருந்தும் உண்டு. இரண்டையும் ஒரே வேளையில் ஒரே மேசையில் வைத்தலாகாது என்றும், வின்கிறிஸ்டினை ஊசிக்குழலில் அடைக்காது சிறு பையிற் கலந்து கொடுக்கவேண்டும் என்றும் விதி செய்துள்ளனர். இவ்விதியைக் காக்கும் கை செவிலியின் கை. ஓர் இமைப்பொழுது அவள் கருத்துச் சிதறுமாயின் அதற்கு மாற்று இல்லை.

மருந்தின் அளவும் எல்லார்க்கும் ஒன்றன்று. உயரமும் எடையும் கொண்டு உடலின் பரப்பைக் கணக்கிட்டு, அப்பரப்புக்கேற்ப அளவு வகுக்கப்படும். மூன்று வாரங்களில் நோயாளி மெலிந்துவிட்டால் கணக்கும் மாறும். ஆதலின் ஒவ்வொரு முறையும் எடை பார்த்து, பெயரும் எண்ணும் ஒத்துநோக்கி, மருந்து, அளவு, வழி, நேரம் ஆகியவற்றை இருவராக நின்று வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்கின்றனர். எழுதிய அளவிற் பிழை தோன்றினால், "டாக்டர், இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்று செவிலி நிறுத்தவேண்டும். சொல்லியவாறே செய்தல் என்னும் வன்மை வெறும் கீழ்ப்படிதலன்று. சொல்லியது சரிதானா என்று அறியும் வன்மையும் அதனுள் அடங்கும். இளைய பெண்ணொருத்தி மூத்த மருத்துவரை மறித்துக் கேட்பதற்கு எத்துணைத் துணிவு வேண்டும் என்பதை ஆசிரியர்முன் வாய்திறக்க அஞ்சும் நம் போன்ற மாணவர் எளிதில் உணரலாம்.

மருந்தேற்றும் வேலையும் எளிதன்று. முன்பு ஏற்றிய மருந்துகளால் நோயாளியின் நரம்புகள் சுருங்கி இறுகியிருக்கும். பலமுறை குத்துண்டு நீலம்பாய்ந்த கையில் இடந்தேடி ஊசியேற்றவேண்டும். நோயாளிகள் 'சிவப்பு மருந்து' என்று பெயரிட்டு அஞ்சும் டாக்ஸோரூபிசின் போன்றவை நரம்பினின்று கசிந்தால் சுற்றியுள்ள தசை வெந்துவிடும். அதனால் மருந்து சொட்டும்போதெல்லாம் செவிலி அருகிருந்து, "எரிச்சல் இருக்கிறதா அம்மா? இழுக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டேயிருக்கின்றாள். அவள் அன்பினாற் கேட்கின்றாள் என்று நாம் நினைக்கின்றோம். அன்பும் உண்டு, ஆனால் அக்கேள்வி ஒரு சோதனை. விடை சிறிது மாறினாலும் மருந்தை உடனே நிறுத்தவேண்டும். அம்மருந்துகள் கையாளும் செவிலிக்கும் தீங்கு செய்வன. ஆகவே கையுறையும் மேலங்கியும் அணிந்தே தொடவேண்டும். மருந்துண்ட நோயாளியின் சிறுநீரையும் வாந்தியையும் இரண்டு நாள்வரை அவ்வாறே கையாளவேண்டும்.

தூய்மை என்பது பிறிதோர் இயல்பு. மருந்தேற்றிய ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை நோயாளியின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகக் குறையும். பிறர்க்கு ஒரு பொருட்டாகாத கிருமி அவரைக் கொன்றுவிடக்கூடும். உடற்சூடு 100.4 பாகையைத் தொட்டால், நள்ளிரவாயினும், ஒரு மணி நேரத்துள் கிருமிகொல்லி மருந்து உடலிற் சேரவேண்டும். நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காலையிற் பார்ப்போம்" என்று சொல்லும் செவிலி உயிரைப் பணயம் வைத்தவளாவாள். ஒருவரைத் தொட்டபின் மற்றொருவரைத் தொடுமுன் கை கழுவுதல் நாளொன்றுக்கு நூறுமுறை நிகழ்ந்தாலும் நூற்றோராவது முறையும் நிகழவேண்டும். ஊரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வரும் சுற்றத்தார், கூடை நிறையப் பழமும் பூவும் ஏந்தி வார்டுக்குள் நுழைய முயல்வர். தடுக்கும் செவிலிக்குக் கிடைக்கும் பெயர் 'இரக்கமற்றவள்' என்பது. உண்மையில் அவ்வேளையில் அவ்வறையில் நோயாளிமேல் இரக்கமுடையவள் அவள் ஒருத்தியே.

இனி அன்பைப் பற்றிச் சொல்வோம். புற்றுநோய் மனையில் அன்பு பெருஞ்செயலாக விளங்குவதில்லை. மருந்தால் வாய் வெந்து ஒரு மிடறு நீரும் விழுங்கமாட்டாதவர்க்கு உப்புநீராற் கொப்பளிக்கச் செய்து, ஆறிய கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டுதல், தலைமயிர் கொத்துக் கொத்தாகத் தலையணையிற் கிடப்பதைக் கண்டு விம்மும் இளம்பெண்ணின் விரிப்பைப் பேச்சின்றி மாற்றிவிட்டு, தலையிற் கட்டிக்கொள்ள மெல்லிய துணியொன்று கொணர்தல், வலி வருமுன் வலி மருந்தைக் கொடுத்தல், இவையே அன்பு. இறுதியிற் கூறியது பெரிது. மார்பின் என்னும் வலிநீக்கி இந்தியாவில் ஓப்பியத்தினின்று செய்யப்படுகின்றது. ஆயினும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருட் சட்டத்தின் கடுமையால் அது மருத்துவமனைகளுக்குக் கிட்டாப் பொருளாயிற்று. 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்ட பின்னரே வழி சிறிது திறந்தது. சட்டம் திறந்தாலும் அச்சம் திறக்கவில்லை. "மார்பினா? அது கடைசியிற் கொடுப்பதல்லவா?" என்று வீட்டார் கலங்குகின்றனர். அது சாவின் அறிகுறியன்று, வலிக்கு மருந்து என்று பொறுமையுடன் விளக்குபவர் பெரும்பாலும் செவிலியரே. 1967இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் ஓய்வில்லத்தைத் திறந்து, தீரா நோயினர்க்குச் செய்யும் ஆதரவு மருத்துவத்துக்கு வழிகாட்டிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் மருத்துவராவதற்கு முன் செவிலியாக இருந்தவர். உடல்வலி, மனவலி, குடும்பக் கவலை, ஆன்மாவின் ஏக்கம் ஆகிய நான்கும் சேர்ந்ததே நோயாளியின் முழுவலி என்று அவர் கண்டது படுக்கையருகில் நின்றமையாலேயே. 1993இல் கோழிக்கோட்டில் தோன்றிய ஆதரவு மருத்துவச் சங்கமும், செவிலியரையும் ஊர்த் தொண்டரையும் வீடுதோறும் அனுப்பியே அவ்வழியை நம் அண்டை மாநிலத்தில் பரப்பிற்று.

இவையனைத்தினும் கடினமானது வேறொன்று. நம் நாட்டுக் குடும்பங்கள் பல, நோயின் பெயரை நோயாளியிடமே மறைக்கின்றன. "அப்பாவுக்குத் தெரியக்கூடாது சிஸ்டர், கட்டி என்று மட்டும் சொல்லியிருக்கிறோம்" என்று மகன் கைகூப்பி வேண்டுகின்றான். அவன் உள்ளத்தில் இருப்பது அன்பே. ஆனால் நோயாளி அறியாதவரா? கதிர்ச் சிகிச்சை என்று எழுதிய வாயிலின்வழி நாள்தோறும் செல்பவர், சுற்றியுள்ளோர் தலைகளைக் கண்டவர், தம் நோய் யாதென உணராமலா இருப்பார்? அவரும் அறிந்து, மகனும் அறிந்து, ஒருவர்முன் ஒருவர் அறியாதவர்போல் நடிக்கின்றனர். அந்நடிப்பின் நடுவில் நிற்பவள் செவிலி. பொய் சொல்லுதல் அவள் தூய்மைக்கு இழுக்கு. மெய்யைத் தானே வெளியிடுதல் அவள் வரம்புக்கு அப்பாற்பட்டது.

சென்ற கோடை விடுமுறையில் எம் உறவினர் ஒருவர்க்குத் துணையாக இத்தகைய மருத்துவமனையொன்றிற் பன்னாள் தங்கினோம். அடுத்த படுக்கையில் ஒரு முதிய உழவர் இருந்தார். ஓர் இரவு, மணி இரண்டு இருக்கும், இரத்த அழுத்தம் பார்க்க வந்த செவிலியின் கையைப் பற்றிக்கொண்டு, "மகளே, என் பிள்ளை எதையோ மறைக்கிறான். நீயாவது சொல். நான் பிழைக்கமாட்டேனா?" என்று கேட்டார். அவள் உடனே விடை சொல்லவில்லை, ஓடிவிடவும் இல்லை. முக்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்து, "ஐயா, உங்கள் மனத்துக்கு என்ன தோன்றுகிறது?" என்றாள். முதியவர் நெடுநேரம் பேசினார். மகளுக்குத் தருவதாகச் சொன்ன ஒரு துண்டு நிலம் இன்னும் பத்திரமாகவில்லை. தாம் கண்மூடினால் மகன் அதைக் கொடுப்பானோ மாட்டானோ என்னும் கவலையே அவரை உறங்கவொட்டாமற் செய்தது. "நாளைக் காலையில் டாக்டரும் நானும் உங்கள் மகனிடம் பேசுகிறோம் ஐயா. இதை நீங்கள் தனியாகச் சுமக்கவேண்டாம்" என்றாள் அவள். மறுநாள் மருத்துவரும் மகனும் முதியவரும் திரைக்குப் பின் அமர்ந்து பேசினர். மகன் அழுதான். முதியவர் அழவில்லை. அன்றிரவுதான் அவர் நன்றாக உறங்கியதை யாம் கண்டோம். நான்கு நாட்களுக்குள் மகள் வந்தாள். பத்திரம் எழுதுவோரும் வந்தார்.

அச்செவிலிக்கு அகவை இருபத்தைந்துக்கு மேல் இராது. பொய்யும் சொல்லாமல், வரம்பும் கடவாமல், ஒரே கேள்வியால் ஒரு குடும்பத்தின் பூசலை வருமுன் தடுத்தாள். அது பிறவியில் வந்த இரக்கமா? அவளையே கேட்டோம். "பயிற்சியிற் சொல்லிக்கொடுத்தது, தம்பி. முதலில் கேட்கவேண்டும், பிறகுதான் பேசவேண்டும். முதலாண்டில் எனக்கும் நடுக்கமாகத்தான் இருந்தது" என்றாள். நாம் தெய்வத்தன்மை என்று எதனை வியக்கின்றோமோ, அது கற்றுப் பழகிய கலை என்பதை அவள் விடையால் அறிந்தோம்.

இப்பணியின் துன்பங்களை இனி விரித்துக் கூறவேண்டுவதில்லை. இரண்டு மட்டும் சொல்வோம். பிற நோயாளர் ஒரு வாரத்தில் வீடு திரும்புவர். புற்றுநோயாளரோ மாதக்கணக்கில் வந்து வந்து செல்வர். அவர்தம் பிள்ளைகளின் பெயர்களும், தேர்வு மதிப்பெண்களும் செவிலிக்குத் தெரிந்துவிடும். ஆதலின் அங்கு நேரும் சாவு, தெரிந்தவர் ஒருவரின் சாவு. அவர் படுத்த படுக்கைக்கு ஒரு மணி நேரத்துள் புது விரிப்பு விரிக்கவேண்டும். வரிசையில் அடுத்தவர் காத்திருப்பார். அழுவதற்கென அவளுக்கு நேரம் ஒதுக்கிய மருத்துவமனை அரிது. பழைய பாடல்களின் செவிலிக்குப் பாலைவழியிலாவது தேடிப் புலம்ப இடமிருந்தது. இவளுக்கு அதுவும் இல்லை. மற்றொன்று, குடும்பத்தாரின் சினம். நிலம் விற்று வந்தவர், நகை அடகு வைத்து வந்தவர், நோய் மீண்டும் தலைகாட்டியது என்று கேட்டதும் எவரைக் கடிந்துகொள்வர்? மருத்துவரை அஞ்சுவர், இறைவனைக் காணார், எதிரில் நிற்பவள் செவிலி.

இன்பங்களும் இல்லாமலில்லை, அவை பெரும்பாலும் சிறியவை, ஆயினும் மெய்யானவை. பத்து நாட்களுக்குப்பின் ஒருவர் கஞ்சியை முகஞ்சுளியாது விழுங்குதல் ஓர் இன்பம். வலியால் முடங்கிக் கிடந்தவர் கால்நீட்டிப் படுத்தல் ஓர் இன்பம். ஆறு மாதங்கழித்து மறுபரிசோதனைக்கு வந்த பெண், வளர்ந்துவரும் குறுமயிரில் ஒரு முழம் மல்லிகையை எப்படியோ குத்திக்கொண்டு, "சிஸ்டர், என்னை அடையாளம் தெரிகிறதா?" என்று வாயிலில் நிற்பது ஓர் இன்பம். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் ஒருகாலத்தில் சில வாரங்களில் உயிர் குடிக்கும் நோயாக இருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் ஆய்வுக்குழு ஆக்கிய மருந்தைக் கொண்டு, 1947-48இல் பாஸ்டன் நகரில் டாக்டர் சிட்னி பார்பர் அந்நோயை முதன்முறை சிறிது காலம் தடுத்து நிறுத்தினார். இன்று நல்ல சிகிச்சை முழுமையாகக் கிடைக்கும் இடங்களில் அக்குழந்தைகளிற் பெரும்பாலோர் பிழைத்து வளர்கின்றனர். தான் ஊசியேற்றிய குழந்தை பள்ளிச் சீருடையில் வந்து நிற்பதைக் காணும் பேறு செவிலிக்கு உண்டு. பிழையாதவர் பலர்க்கும் வலியின்றி, தம்மவர் நடுவில், தூய படுக்கையில் உயிர் பிரியச் செய்தோம் என்னும் நிறைவும் உண்டு.

ஆனால் இவ்வின்பங்களைக் காட்டி, "இதனினும் மேலான ஊதியம் வேண்டுமோ?" என்று கேட்போர் உளர். ஈண்டுதான் யாம் மாறுபடுகின்றோம். மனநிறைவு உழைப்பவர் தாமாகப் பெறுவது. ஊதியம் நாம் கொடுக்கவேண்டியது. முன்னதைக் காட்டிப் பின்னதைக் குறைத்தல், உழவனுக்கு விளைந்த கதிரின் அழகே போதும் என்று நெல்லுக்கு விலை மறுப்பதை ஒக்கும். தனியார் மருத்துவமனைச் செவிலியரின் நிலையைப் பற்றிய வழக்கில் 2016ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் பணித்ததற்கேற்ப மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. ஐம்பதுக்குக் குறைந்த படுக்கைகளையுடைய சிறு மருத்துவமனையிலும் செவிலியர்க்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாது கொடுத்தல் வேண்டும் என்றும், பெரியவற்றில் அரசுச் செவிலியரின் ஊதியத்தை ஒட்டிக் கொடுத்தல் வேண்டும் என்றும் அக்குழு பரிந்துரைத்தது. பல இடங்களில் அப்பரிந்துரை ஏட்டளவில் நின்றுவிட்டது. நம் நாட்டிற் பயின்ற செவிலியர் வளைகுடா நாடுகளுக்கும் இங்கிலாந்துக்கும் செல்கின்றனர் என்று வருந்துகின்றோம். கல்விக் கடனைத் தீர்க்கவேண்டிய பெண்ணை, தொண்டு என்னும் சொல்லைக் காட்டி எத்துணை நாள் நிறுத்திவைப்போம்?

"தொண்டுக்கு விலை பேசுதல் கிறிஸ்தவ நெறியாகுமா?" என்று நம் கல்லூரியிலேயே சிலர் வினவக்கூடும். நல்ல சமாரியனின் கதையை அவர்கள் மீண்டும் எண்ணிப்பார்ப்பாராக. காயமுற்றவனைச் சத்திரத்திற் சேர்த்த சமாரியன், மறுநாட் புறப்படும்போது சத்திரக்காரனுக்கு இரண்டு வெள்ளிக்காசு கொடுத்தான். மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது அதனையும் தருவதாக வாக்களித்தான். சமாரியனின் இரக்கத்தைப் பற்றி நாம் பல பிரசங்கம் கேட்டிருக்கின்றோம்; அக்காசுகளைப் பற்றிக் கேட்டதரிது. வழியிற் கண்டவன் இரங்கினான். ஆனால் நாள்தோறும் அருகிருந்து பேணுபவனுக்குச் செலவும் கூலியும் உண்டு என்பதை அவன் மறக்கவில்லை. இரக்கமும் கணக்கும் அவனிடத்தில் ஒன்றோடொன்று மாறுபடவில்லை.

ஆகலின் நாம் செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறி முடிப்போம். செவிலியர் கல்வியை, மருத்துவக் கல்லூரியில் இடம் கிடையாதார் புகும் இடமென எண்ணுதலை விடவேண்டும். புற்றுநோய்ச் செவிலியர்க்கென ஓராண்டுச் சிறப்புப் பட்டயப் படிப்பு நம் நாட்டில் உண்டு. அதனைக் கற்றவர்க்கு அதற்கேற்ற பதவியும் ஊதியமும் தரவேண்டும். மருத்துவமனைகளின் ஆட்சிக் குழுக்களில் அமர்ந்திருக்கும் நம் பழைய மாணவர், இரவுப்பணிச் செவிலிக்கு எத்தனை படுக்கைகள் ஒப்படைக்கப்படுகின்றன, அவள் உண்ணவும் சற்றே அமரவும் இடமுண்டா, வார்டில் ஒருவர் இறந்தபின் அவளிடம் ஆறுதலாகப் பேசுவாருண்டா என்று அடுத்த கூட்டத்திலேயே கேட்பாராக. வீட்டில் நோயாளியுள்ளவர், மெய்யை மறைக்கும் சுமையை அவள் தலையில் ஏற்றாது, மருத்துவரைத் துணைக்கொண்டு தாமே பேசுவாராக. பழக்கூடையைத் தடுக்கும்போது அவளைக் கடியாதிருத்தலும் சிறு கடனன்று. மாணவராகிய நாம், நம் தங்கையரில் ஒருத்தி இத்தொழிலை விரும்பின், "வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா?" என்று கேளாதிருப்போமாக.

வள்ளுவர் வகுத்த நான்கு கூறுகளில் ஒன்று குறையினும் மருத்துவம் நிறைவுறாது. மருத்துவர்க்குரிய மதிப்பை அளிக்கின்றோம், மருந்துக்குரிய விலையைக் கொடுக்கின்றோம், நோயாளிக்காக இரங்குகின்றோம். உழைச்செல்வார்க்கு மட்டும் புகழைக் கொடுத்து அனுப்பிவிடுகின்றோம். அவர்களைத் தெய்வமாக்குதல் நமக்கு எளிது, ஏனெனில் தெய்வத்துக்குப் பசியில்லை, உறக்கமில்லை, வாடகை கட்டவேண்டிய வீடும் இல்லை. அவர்களைக் கற்றவராகவும் களைப்புறும் மனிதராகவும் மதிப்பதே அரிது. அவ்வரியதைச் செய்யத் தொடங்குவோமானால், நாம் பட்ட கடனில் ஒரு பகுதியேனும் தீரும்.